ஸ்டுட்கார்ட்டில் கையெழுத்து, தஞ்சாவூரில் கிரயம்: ஒரு பவர் பத்திரம் போன வழி

தஞ்சாவூரில் ஒரு பழைய ஓட்டு வீடு. அப்பா பெயரில் இருந்தது. உயில் எழுதாமல் போய்விட்டார். அம்மா அவருக்கு முன்பே காலமாகிவிட்டார். வாரிசுகள் மூன்று பேர்: அக்கா சிங்கப்பூரில், நடுவில் என் நண்பர் ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் பக்கம், கடைசித் தம்பி ஊரிலேயே. இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மூவருக்கும் சமபங்கு. விற்பதில் யாருக்கும் மாற்றுக்கருத்து இல்லை, வாங்கவும் ஆள் கிடைத்துவிட்டார். ஆனால் நண்பர் புது வேலையில் சேர்ந்து சோதனைக் காலம்கூட முடியவில்லை. லீவு போட்டுக்கொண்டு ஊருக்குப் போய்க் கையெழுத்துப் போடும் நிலையில் அவர் இல்லை. அக்காவுக்கும் அப்படித்தான். இரண்டு பேரும் தம்பிக்குப் பவர் எழுதிக் கொடுப்பது என்று முடிவானது.

அந்தக் காகித வேலையில் நான் கூடவே இருந்தேன். ஒரே வீட்டுக்கு, ஒரே தம்பிக்கு, இரண்டு நாடுகளிலிருந்து இரண்டு பவர். இரண்டும் வெவ்வேறு வழியில் போய்ச் சேர்ந்தன. வெளிநாட்டிலிருந்து சொத்துக் காகிதம் அனுப்ப நினைக்கிறவர்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்பது இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விளங்கும்.

அக்காவின் வழி

அக்கா வேலை சுலபமாக முடிந்தது. சிங்கப்பூரில் ஒரு நோட்டரி பப்ளிக் முன்னால் கையெழுத்துப் போட்டார். நோட்டரியின் சான்று சிங்கப்பூர் அகாடமி ஆஃப் லா என்ற அமைப்புக்குப் போனது. அவர்கள் அப்போஸ்டில் கொடுத்தார்கள், அதாவது நோட்டரியின் கையெழுத்தும் முத்திரையும் உண்மையானவை என்று வெளிநாட்டுக்குச் சொல்லும் சான்றிதழ். சிங்கப்பூரில் 2021 செப்டம்பர் 16 முதல் ஹேக் அப்போஸ்டில் உடன்படிக்கை அமலில் இருக்கிறது. இந்தியாவில் 2005-லிருந்தே இருக்கிறது. ஓர் உறுப்பு நாட்டில் கொடுத்த அப்போஸ்டிலை இன்னொரு உறுப்பு நாடு ஏற்க வேண்டும். நடுவில் தூதரக முத்திரை எதுவும் தேவையில்லை. அக்கா இந்தியத் தூதரகப் பக்கமே போகவில்லை.

தம்பி போனில் சொன்னான்: "அண்ணே, அக்கா மாதிரியே நீங்களும் நோட்டரிகிட்ட போட்டு, அப்போஸ்டில் வாங்கி அனுப்பிடுங்க. பத்திர எழுத்தர் பார்த்துட்டு சரின்னுட்டாரு."

ஜெர்மனியில் அது நடக்கவில்லை. உள்ளூர் நோட்டாரிடம் (நோட்டரிக்கு அங்கே அப்படித்தான் பெயர்) கையெழுத்துச் சான்று வாங்குவதில் சிரமம் ஒன்றுமில்லை, கட்டணத்தையும் சட்டமே வரையறுத்து வைத்திருக்கிறது. அடுத்த படியில்தான் சிக்கல். நோட்டாரின் கையெழுத்துக்கு அப்போஸ்டில் கொடுக்கும் லாண்ட்கெரிக்ட் என்ற மாவட்ட நீதிமன்றத்தில் முதல் கேள்வியே, காகிதம் எந்த நாட்டுக்குப் போகிறது என்பதுதான். இந்தியா என்றதும், அப்போஸ்டில் கிடையாது என்றார்கள். ஒரு புதிய நாடு உடன்படிக்கையில் சேரும்போது, பழைய உறுப்பு நாடு ஒன்று ஆட்சேபம் தெரிவித்தால் அந்த இரு நாடுகளுக்கு மட்டும் அது செல்லாது. இந்தியா சேர்ந்தபோது அப்படி ஆட்சேபம் தெரிவித்த நாடுகளில் ஜெர்மனியும் ஒன்று. இரண்டு நாடும் பட்டியலில் இருக்கின்றன என்று இணையத்தில் பார்த்துவிட்டு நம்பிக்கையோடு போகிறவர்கள் இங்கேதான் முட்டிக்கொள்கிறார்கள்.

மிச்சம் இருந்தது லீகலைசேஷன்: நோட்டார் சான்று, அதன் மேல் நீதிமன்றச் சான்று, அதன் மேல் இந்தியத் துணைத் தூதரகச் சான்று. எப்படியும் கான்சுலேட் வாசலுக்குப் போகத்தான் வேண்டும் என்றால், நேராக அங்கேயே போய்க் கையெழுத்துப் போட்டால் என்ன? நண்பர் அதைத்தான் செய்தார்.

கான்சுலேட் எதற்குச் சான்று தருகிறது

கான்சுலேட் முத்திரை விழுந்துவிட்டால் பத்திரம் பலம் பெற்றுவிட்டது என்று நம்மவர்களில் பலர் நினைக்கிறார்கள். அங்கே இருக்கும் அதிகாரி சான்று சொல்வது ஒன்றே ஒன்றுக்குத்தான்: இன்னார் என் முன்னால் வந்தார், இன்னார்தான் என்று அடையாளம் பார்த்தேன், என் முன்னால் கையெழுத்துப் போட்டார். உள்ளே என்ன எழுதியிருக்கிறது, சர்வே எண் சரியா, வீடு அவருடையதுதானா என்பதெல்லாம் அவர் பொறுப்பில் இல்லை. இந்தியத் தூதரகங்கள் பலவும் இதைத் தங்கள் முத்திரையிலேயே சொல்லிவிடுகின்றன.

ஆனால் அந்த ஒரே ஒரு விஷயத்துக்குச் சட்டம் பெரிய மதிப்புக் கொடுக்கிறது. 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 33-ஆவது பிரிவு, பவர் கொடுப்பவர் இந்தியாவில் வசித்தால் பதிவாளர் அல்லது சார்பதிவாளர் முன்னால் எழுதிக் கொடுக்க வேண்டும் என்கிறது. இந்தியாவில் வசிக்காதவர் என்றால் நோட்டரி, நீதிமன்றம், நீதிபதி, மாஜிஸ்திரேட், இந்தியக் கான்சல் அல்லது துணைக் கான்சல், மத்திய அரசின் பிரதிநிதி ஆகியோரில் ஒருவர் முன்னால் எழுதி, அவர் சான்றளிக்க வேண்டும். தூதரக அதிகாரிக்கு நோட்டரியின் வேலையைச் செய்யும் அதிகாரம் வந்தது 1948-ஆம் ஆண்டின் ஒரு சிறிய சட்டத்திலிருந்து: தூதரக, துணைத் தூதரக அதிகாரிகளின் உறுதிமொழிகள், கட்டணங்கள் பற்றிய சட்டம். இந்தியாவுக்குள் ஒரு நோட்டரி செய்யக்கூடியதை எல்லாம் வெளிநாட்டில் அவர் செய்யலாம். அவருடைய கையெழுத்தும் முத்திரையும் உண்மையானவையா என்று இந்திய நீதிமன்றத்தில் தனியாக நிரூபிக்க வேண்டியதில்லை என்றும் அதே சட்டம் சொல்கிறது. அதனால் கான்சுலேட்டில் எழுதிய பத்திரத்துக்கு அப்போஸ்டில் என்ற பேச்சே எழாது. ஹேக் உடன்படிக்கையும் தூதரக அதிகாரிகள் நிறைவேற்றிய ஆவணங்களைத் தன் வரம்புக்கு வெளியே வைத்திருக்கிறது.

அப்படியானால் வெளிநாட்டு நோட்டரி முன்னால் போட்டது செல்லவே செல்லாதா? செல்லும். 1970-இல் உச்ச நீதிமன்றத்துக்கு ஜக்ராஜ் சிங் எதிர் ஜஸ்வந்த் சிங் என்ற வழக்கு வந்தது. கலிபோர்னியாவில் ஒரு நோட்டரி முன்னால் எழுதிய பவர்தான் பிரச்சினை. முதலில் எழுதிய பவரில், கையெழுத்துப் போட்டவர் இன்னார் என்று அடையாளம் பார்த்ததாக நோட்டரி குறிக்கவில்லை. அந்தச் சான்று போதாது என்றது நீதிமன்றம். அப்புறம் எழுதிய இரண்டாவது பவரில் அது சரியாக இருந்தது, அதை ஏற்றுக்கொண்டது. ஆக, முத்திரை யாருடையது என்பதைவிட, அதன் கீழே என்ன வாசகம் இருக்கிறது என்பதுதான் முக்கியம். வெளிநாட்டில் கையெழுத்துப் போடுகிறவர்கள் திரும்பும் முன் அங்கேயே நின்று அந்த வாசகத்தைப் படித்துப் பார்க்க வேண்டும். யாரும் படிப்பதில்லை.

வரைவு எங்கே எழுதப்பட வேண்டும்

கான்சுலேட்டுக்கு அப்பாயின்ட்மென்ட் கிடைத்தவுடன், இணையத்திலிருந்து ஒரு மாதிரிப் படிவத்தை இறக்கிப் பெயரையும் விலாசத்தையும் நிரப்பி எடுத்துப்போகிறவர்கள் உண்டு. அதிகாரி அதில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தும் விடுவார், ஏனென்றால் உள்ளடக்கம் அவர் கவலை இல்லை. தஞ்சாவூரில் சார்பதிவாளர் மேசைக்குப் போன பிறகுதான் சர்வே எண் இல்லை, கிரயப் பத்திரத்தில் கையெழுத்திடும் அதிகாரம் இருக்கிறது, பணம் பெற்றுக்கொள்ளும் அதிகாரம் இல்லை என்று ஒவ்வொன்றாகக் கிளம்பும். அதனால் நண்பரின் வரைவை எழுதியது தஞ்சாவூரில் தம்பி பார்த்து வைத்திருந்த பத்திர எழுத்தர். சார்பதிவாளர் அலுவலகத்தில் வழக்கமாக என்ன கேட்பார்கள் என்று தெரிந்தவர். மூலப் பத்திரம், வில்லங்கச் சான்று, வாரிசுச் சான்று மூன்றையும் முன்னால் வைத்துக்கொண்டு எழுதினார். பத்திரம் ஆங்கிலத்தில் இருந்தது. தமிழ்நாட்டில் ஆங்கிலப் பத்திரத்தைப் பதிவுசெய்வதில் தடையில்லை, கான்சுலேட்டில் உட்கார்ந்திருக்கும் அதிகாரிக்கும் படிக்க முடியும்.

அந்த வரைவில் மூன்று இடங்களில் அதிக நேரம் செலவானது.

முதலில் பெயர். இது தமிழர்களுக்கே உரிய தலைவலி. வாரிசுச் சான்றில் நண்பர் பெயர் ஓர் இன்ஷியலோடு இருக்கிறது. பாஸ்போர்ட்டில் அந்த இன்ஷியல் அப்பாவின் முழுப்பெயராக விரிந்து சர்நேம் கட்டத்தில் உட்கார்ந்திருக்கிறது. ஜெர்மனியில் எல்லா ஆவணங்களிலும் அந்தச் சர்நேம்தான் முன்னால். கான்சுலேட் பார்ப்பது பாஸ்போர்ட்டை மட்டும். பதிவு அலுவலகம் பார்ப்பது வாரிசுச் சான்றை. இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று யாராவது சொல்லியாக வேண்டும். எழுத்தர் பத்திரத்தின் முதல் வரியிலேயே பாஸ்போர்ட்டில் உள்ளபடி பெயரைப் போட்டு, 'என்கிற' சேர்த்து வாரிசுச் சான்றில் உள்ள பெயரையும் போட்டு, அப்பா பெயர், பாஸ்போர்ட் எண், பான் எண் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் எழுதிவிட்டார். அதோடு, இரண்டும் ஒருவரே என்று ஓர் உறுதிமொழிப் பத்திரமும் தனியாகத் தயாரானது. எப்படியும் கான்சுலேட் போகிறோம், இரண்டையும் ஒரே நாளில் முடித்துவிடலாம்.

இரண்டாவது, அதிகாரங்கள். பவரை நீதிமன்றங்கள் இறுக்கமாகத்தான் படிக்கும். எழுதாத அதிகாரம் கொடுத்ததாக ஆகாது. 'என் சார்பாக எல்லாக் காரியமும் செய்ய' என்ற ஒற்றை வரியை நம்பி எந்தச் சார்பதிவாளரும் கிரயத்தைப் பதிய மாட்டார். விலை பேச, கிரயப் பத்திரத்தில் கையெழுத்திட, பதிவுக்குத் தாக்கல் செய்ய, எழுதிக் கொடுத்ததை ஒப்புக்கொள்ள, சுவாதீனம் ஒப்படைக்க, பட்டா மாற்றத்துக்குக் கையெழுத்திட என்று தனித்தனியாக எழுதப்பட்டது. பணம் பெறும் அதிகாரத்தில் மட்டும் நண்பர் ஒரு நிபந்தனை வைத்தார்: அவர் பங்குத் தொகை நேராக அவருடைய என்ஆர்ஓ கணக்குக்கே (வெளிநாட்டில் வசிப்பவர்கள் இந்தியாவில் வரும் பணத்துக்காக வைத்திருக்கும் வங்கிக் கணக்கு) போக வேண்டும். தம்பி மேல் சந்தேகமா என்று கேட்டால் இல்லை. தம்பி கணக்கில் விழுந்து அங்கிருந்து வந்தால், அந்தப் பணம் என்ன பணம் என்று வங்கிக்கும் வருமான வரித் துறைக்கும் விளக்கிக்கொண்டிருக்க வேண்டும். தம்பியே, "அப்படியே எழுதுங்க அண்ணே, எனக்கும் நிம்மதி" என்றான்.

பவர் இந்த ஒரு வீட்டுக்கு மட்டும், இந்த ஒரு விற்பனைக்கு மட்டும். எதற்கும் இருக்கட்டும் என்று ஊரில் உள்ள சொத்து முழுவதற்கும் பொதுப் பவர் கொடுப்பது நம் குடும்பங்களில் சகஜம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அண்ணன் தம்பிக்குள் நல்ல உறவு இருக்கும்போதே எல்லையை எழுதி வைப்பதுதான் சுலபம்.

மூன்றாவது, பிரதிபலன் எதுவும் பெறாமல், உடன்பிறந்த தம்பிக்குக் கொடுக்கும் பவர் இது என்ற வாசகம். பார்க்கச் சம்பிரதாய வரி போலத் தெரியும். ஆனால் பணம் வாங்கிக்கொண்டு விற்கும் அதிகாரத்தைக் கொடுத்தால், இந்திய முத்திரைச் சட்டத்தின் அட்டவணை அந்தப் பவரைக் கிரயத்துக்குச் சமமாகவே பார்க்கிறது. பவரை வைத்தே சொத்தைக் கைமாற்றும் பழக்கத்தை 2011-இல் சூரஜ் லாம்ப் வழக்கில் உச்ச நீதிமன்றம் கடுமையாகக் கண்டித்தது. குடும்பத்தாருக்கு உண்மையாகக் கொடுக்கும் பவர்களை அந்தத் தீர்ப்பு தொடாது என்றும் அதிலேயே சொல்லியிருக்கிறது. தமிழ்நாட்டில் குடும்ப உறுப்பினருக்குக் கொடுக்கும் பவருக்கும் வெளியாளுக்குக் கொடுப்பதற்கும் கட்டணமும் வேறு. ஆகவே உறவுமுறை பத்திரத்தில் பளிச்சென்று தெரிய வேண்டும்.

முத்திரைத்தாள் வாங்கி ஜெர்மனிக்குக் கூரியரில் அனுப்பட்டுமா என்று தம்பி ஒருமுறை கேட்டான். தேவையில்லை. வெளிநாட்டில் எழுதும் பத்திரத்தை வெள்ளைத்தாளில் எழுதி, இந்தியாவுக்கு வந்த பிறகு முத்திரையிடச் சட்டமே இடம் கொடுக்கிறது.

கையெழுத்து நாள்

பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் மியூனிக் துணைத் தூதரகத்தின் எல்லைக்குள் வருகிறது. ஜெர்மனியில் பெர்லின் தூதரகம் தவிர ஃபிராங்க்ஃபர்ட், ஹாம்பர்க், மியூனிக் மூன்றிலும் துணைத் தூதரகங்கள் இருக்கின்றன; எந்த மாநிலத்துக்காரர் எங்கே போக வேண்டும் என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். எல்லை மாறிப் போனால் திருப்பி அனுப்பிவிடலாம். முகவரிக்குச் சான்றாக அன்மெல்டுங் என்ற குடியிருப்புப் பதிவுத் தாளை எடுத்துப்போவதும் அதற்காகத்தான்.

நண்பர் கையெழுத்துப் போடாத பத்திரத்தைக் கொண்டுபோனார். சொல்லவே வேண்டியதில்லை என்று தோன்றும், ஆனால் வீட்டிலேயே எல்லாப் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டுவிட்டு, முத்திரைக்காக மட்டும் வரிசையில் நிற்கிறவர்களைப் பார்க்க முடிகிறது. 33-ஆவது பிரிவு கேட்பதே அதிகாரி முன்னால் எழுதிக் கொடுப்பதைத்தான். புகைப்படம் ஒட்டி, ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து, கடைசிப் பக்கத்தில் பெருவிரல் ரேகை. நண்பர் சாட்சிக்கு இரண்டு பேரைக் கையோடு கூட்டிப்போயிருந்தார். இருவரும் பாஸ்போர்ட்டோடு வந்தார்கள். சாட்சி விஷயத்தில் ஒவ்வொரு கான்சுலேட்டுக்கும் ஒரு வழக்கம், முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது. தம்பி கையெழுத்துப் போட வேண்டிய இடம் காலியாகவே இருந்தது. அதை அவன் தஞ்சாவூரில் போட்டான்.

நண்பர் வாங்கியவுடன் பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்தார். சொத்து விவரம் உள்ள தாளில் முத்திரை விழவில்லை. கவுண்டரிலேயே காட்டினார், போட்டுக் கொடுத்தார்கள். அந்தத் தாள்தான் பத்திரத்தின் உயிர். முத்திரை இல்லாத தாளை யாரோ அப்புறம் செருகியதாக ஊரில் கேள்வி வந்தால் பதில் சொல்ல முடியாது.

தஞ்சாவூரில்

பத்திரம் கூரியரில் போனது. தம்பிக்கு ஒரே ஒரு எச்சரிக்கை: உறையைக் கிழித்துக் குப்பையில் போட்டுவிடாதே. வெளிநாட்டில் எழுதிய பத்திரம் இந்தியாவுக்கு முதன்முதலில் வந்து சேர்ந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் முத்திரையிடப்பட வேண்டும் என்பது இந்திய முத்திரைச் சட்டத்தின் 18-ஆவது பிரிவு. கையெழுத்துப் போட்ட தேதி இதற்குக் கணக்கில்லை. வந்து சேர்ந்த தேதிதான் கணக்கு. அந்தத் தேதிக்கு ஆதாரம் கூரியர் உறையும் ரசீதும். யாராவது ஊருக்குப் போகிறவர் கையில் கொடுத்தனுப்பினால் அவருடைய பயணச்சீட்டையும் பாஸ்போர்ட் முத்திரையையும் தேடிக்கொண்டிருக்க வேண்டும்.

இதற்குப் போக வேண்டிய இடம் சார்பதிவாளர் அலுவலகம் இல்லை, மாவட்டப் பதிவாளர் அலுவலகம். அட்ஜுடிகேஷன் என்று எழுத்தர்கள் சொல்வது இதைத்தான். மனு, அசல் பத்திரம், கொடுத்தவர் பெற்றவர் இருவரின் அடையாள நகல்கள், உறை. உரிய தீர்வையைக் கட்டிய பிறகு, பத்திரத்தின் மேலேயே முத்திரை செலுத்தியதாகக் குறிப்பு எழுதிக் கொடுத்தார்கள். அக்காவின் பவருக்கும் இதே வேலைதான். அப்போஸ்டில் இருந்தாலும் முத்திரைத் தீர்வையிலிருந்து விலக்குக் கிடையாது. அவை இரண்டும் வேறு வேறு கேள்விக்குப் பதில்.

அடுத்து, உயிர்வாழ் சான்று. பவர் கொடுத்தவர் இறந்துவிட்டால் பவரும் முடிந்துவிடும்; இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 201-ஆவது பிரிவு அது. இறந்தவரின் பவரை வைத்துச் சொத்தை விற்ற மோசடிகள் நடந்திருப்பதால், ஏஜெண்ட் கிரயம் எழுதிக் கொடுக்கும்போது கொடுத்தவர் உயிரோடு இருக்கிறார் என்பதற்குச் சான்று கேட்கிறார்கள். பவர் எழுதிய நாளுக்கும் கிரய நாளுக்கும் இடையில் காலம் ஓடிவிட்டதால் இங்கேயும் கேட்டார்கள். நண்பர் மறுபடி கான்சுலேட் போய் வாங்கி அனுப்பினார். வாங்குபவரின் வங்கிக் கடன் எப்போது கையில் வரும் என்று தெரிந்துகொண்டு பவர் தேதியை வைத்திருந்தால் இந்த இரண்டாவது பயணம் மிச்சமாகியிருக்கலாம். இதைக் கட்டாயம் என்றே வைத்துக்கொண்டு நாளைத் திட்டமிடுவது நல்லது.

கிரயத்துக்கு முன்னால் வாங்குபவரிடம் ஒரு விஷயம் பேச வேண்டியிருந்தது. சொத்து வாங்கும்போது 1 சதவீதம் டிடிஎஸ் (வாங்குபவரே விலையில் பிடித்து அரசுக்குக் கட்டும் வரி) பிடித்தால் போதும், அதுவும் 50 லட்சமோ அதற்கு மேலோ இருந்தால் மட்டும் என்ற கணக்கு இந்தியாவில் வசிக்கும் விற்பனையாளருக்குத்தான். தம்பியின் பங்குக்கு அது பொருந்தும். அக்காவும் நண்பரும் வெளிநாட்டில் வசிப்பவர்கள். அவர்கள் பங்குக்கு விகிதம் வேறு, 50 லட்சம் என்ற வரம்பும் இல்லை. கையெழுத்துப் போடுவது ஊரில் இருக்கும் தம்பி என்பதால் மூன்று பங்கையும் உள்ளூர்க் கணக்கில் போட்டுவிடலாம் என்று வாங்குபவரின் ஆடிட்டரே முதலில் நினைத்தார். வரிக்கு யார் கையெழுத்துப் போட்டார் என்பது பொருட்டில்லை, யாருடைய பங்கு என்பதுதான். நண்பரும் அக்காவும் வருமான வரி அலுவலகத்தில் குறைந்த பிடித்தத்துக்கு விண்ணப்பித்துச் சான்று வாங்கிக்கொண்டார்கள். இல்லையென்றால் பெரிய தொகை பிடிபட்டு, கணக்குத் தாக்கல் செய்து திரும்ப வாங்கும்வரை காத்திருக்க வேண்டும். என்ஆர்ஓ கணக்குக்கு வந்த பணத்தை வரி கட்டிய ஆதாரத்தோடு ஒரு நிதியாண்டில் 10 லட்சம் டாலர் வரை வெளிநாட்டுக்கு மாற்றலாம். அந்த எல்லை தஞ்சாவூர் ஓட்டு வீட்டுக்கு எட்டாத உயரம் என்று நண்பர் சிரித்தார்.

பதிவு அன்று தம்பி தன் பங்குக்கு ஒரு கையெழுத்து, அண்ணனுக்காக ஒன்று, அக்காவுக்காக ஒன்று என்று மூன்று நிலையில் கையெழுத்திட்டான். முடிந்ததும் வாங்குபவரின் வங்கி, கிரயப் பத்திரத்தோடு இரண்டு பவர்களின் அசலையும் கேட்டது. கொடுக்கத்தான் வேண்டும், மூன்றில் இரண்டு பங்கு அவருக்கு வந்து சேர்ந்ததற்கு ஆதாரமே அந்த இரண்டு தாள்கள்தான், அதிலும் மாவட்டப் பதிவாளரின் குறிப்பு உள்ள அசல். தம்பி நகல்களுக்குச் சான்றொப்பம் வாங்கி அக்காவுக்கும் அண்ணனுக்கும் ஒவ்வொரு செட் அனுப்பினான், வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது தேவைப்படும் என்று.